இளஞ்சிவப்புப் பலகை காட்டும் வழி

கையுறையைக் கழற்றி, உள்ளங்கையில் நாலைந்து சூரியகாந்தி விதையை வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அரை நிமிடம் போதும். பட்டாணிக்குருவி இனத்தில் ஒன்று, கறுப்புத் தொப்பி போட்டது போன்ற தலையோடு, மரத்திலிருந்து நேரே கையில் வந்து இறங்கும். பத்து கிராம் இருந்தால் அதிகம். எடையே தெரிவதில்லை, நகம் பதிவது மட்டும் தெரியும். ஒரு விதையைக் கொத்தும், பிடிக்காவிட்டால் பனியில் உதறும், இன்னொன்றைப் பொறுக்கிக்கொண்டு பறந்துவிடும். அதற்குள் நமக்கு விரல்கள் மரத்துப் போயிருக்கும்.

இது நடப்பது சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில், மேல் எங்கடின் பகுதியில், போன்ட்ரெசினா என்ற ஊரிலிருந்து ரோசெக் பள்ளத்தாக்குக்குள் போகிற காட்டு வழியில். வழி நெடுக ஊசியிலை மரங்கள். தலைமுறை தலைமுறையாக நடப்பவர்கள் விதை நீட்டியதில் இந்தக் குருவிகளுக்கு மனிதக் கை இன்னொரு கிளை மாதிரி ஆகிவிட்டது. பனிச்சறுக்குக் கட்டையில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு இந்தக் குருவி கிடைக்காது. நின்றவருக்குத்தான் கிடைக்கும்.

புறப்படும் முன் ஊரில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “ஸ்கீயிங் தெரியுமா?” எனக்குத் தெரியாது. என் மனைவிக்கு இடது முழங்கால் தகராறு. “அப்புறம் ஜனவரியில் அங்கே போய் என்ன பண்ணுவீங்க?” என்றார் மைத்துனர். நடப்போம் என்றோம். சிரித்தார். கடைக்குப் போய் எதுவும் வாங்காமல் திரும்பப் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆல்ப்ஸின் குளிர்காலம் என்றாலே விளம்பரங்களில் சறுக்குக் கட்டைதான், ஹெல்மெட்தான், பனிப்புழுதிதான். ஆனால் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. குளிர்காலத்தில் மலைக்கு விடுமுறைக்கு வருவது என்கிற வழக்கம் தொடங்கியபோது, வந்தவர்களில் ஒருவருக்கும் சறுக்கத் தெரியாது.

பந்தயம் கட்டிய ஹோட்டல்காரர்

போன்ட்ரெசினாவுக்கு அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கிறது செயின்ட் மோரிட்ஸ். அங்கே கூல்ம் ஹோட்டலை நடத்தியவர் யோஹான்னஸ் பாட்ருட். கோடையில் வந்து போகும் ஆங்கிலேயர்களிடம் 1864-இல் அவர் ஒரு பந்தயம் கட்டினார் என்பது அந்த ஊரின் செல்லக் கதை. குளிர்காலத்தில் வாருங்கள், இங்கே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெயில் காயலாம், பிடிக்கவில்லையென்றால் பயணச் செலவை நானே தருகிறேன். லண்டனின் ஈரமான டிசம்பரை நினைத்துப் பார்த்த அவர்களுக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள், ஈஸ்டர் வரை தங்கினார்கள், முகம் கறுத்து ஊர் திரும்பினார்கள். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கிறதோ, விளைவில் சந்தேகமில்லை. சில ஆண்டுகளிலேயே குளிர்கால ஹோட்டல் என்பது தனித் தொழிலானது.

அடுத்த மலைக்கு அப்பால் டாவோஸ். அங்கே 1865 பிப்ரவரியில் இரண்டு காசநோயாளிகள் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். உலர்ந்த குளிர்காற்றும் வெயிலும் நுரையீரலுக்கு நல்லது என்று நம்பிய காலம். அவர்களுக்குப் பின்னால் ஒரு நோயாளிக் கூட்டமே வந்தது. போர்வை போர்த்திக்கொண்டு மாடத்தில் படுத்திருப்பார்கள். எழ முடிந்தவர்கள் டாக்டர் அளந்து கொடுத்த தூரம் நடப்பார்கள். தாமஸ் மன் 1924-இல் வெளியிட்ட ‘மாய மலை’ நாவலின் களம் இதுதான்.

சறுக்குக் கட்டை பிறகுதான் நார்வேயிலிருந்து வந்தது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் 1894-இல் டாவோஸிலிருந்து கணவாய் தாண்டி அரோசாவுக்குச் சறுக்கியே போய், அதை ஒரு லண்டன் பத்திரிகையில் எழுதினார். அப்போதும் அது வேடிக்கை பார்க்கிற சமாசாரமாகத்தான் இருந்தது. ஆக முதல் முப்பது வருஷம் குளிர்கால விருந்தாளி என்றால் நடப்பவர், பனிவண்டியில் உட்காருபவர், உறைந்த ஏரியில் சறுக்குக் காலணியோடு சுற்றுபவர். மைத்துனருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று குறித்துவைத்தேன். மூத்தவர்கள் நாங்கள்தான்.

மணிக்கணக்கில் தூரம்

சுவிட்சர்லாந்தில் நடைபாதைகளின் மொத்த நீளம் சுமார் 65,000 கிலோமீட்டர். கோடைக்கு மஞ்சள் பலகை. அதைப் பனி மூடிவிட்டால் பிறகு வேலை செய்வது இளஞ்சிவப்புப் பலகை. வெள்ளைக்கு நடுவே தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற நிறம். அதில் கிலோமீட்டர் இருக்காது. ஊர்ப் பெயரும் மணி நேரமும்தான். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பார்கள் என்று கோடைப் பலகைக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நாங்கள் பனியில் நடந்து பார்த்தோம். ஒவ்வொரு மணிக்கும் கால் மணி கூடுதலாகப் பிடித்தது. மனைவி நின்று நின்று மரங்களைப் படம் எடுத்ததையும் சேர்த்தால் அரை மணி.

ரோசெக் வழி ஏழு கிலோமீட்டர். ஏற்றம் மொத்தமே இருநூறு மீட்டர் சொச்சம். வலப்பக்கம் ஆறு, பாதி உறைந்து பாதி ஓடும். வழியில் குதிரை பூட்டிய சறுக்கு வண்டிகள் வரும். மணியோசை முதலில் வரும், பிறகு குதிரையின் மூச்சுப் புகை, அப்புறம்தான் குதிரை. ஒதுங்கி நிற்க வேண்டும். குதிரை விட்டுப்போன சாணத்திலிருந்து ஆவி எழும்புவதை அந்த ஊர்க்காரர்கள் கவனிப்பதில்லை, நாங்கள் கவனித்தோம்.

பனியில் நடப்பதற்கு ஒரு சத்தம் உண்டு. குளிர் மைனஸ் பத்துக்குக் கீழே போனால் ஒவ்வொரு அடிக்கும் கீச்சென்று, புதுத் தோல் செருப்பு போல, கத்தும். பூட்ஸுக்கு அடியில் பனித்துகள்கள் உருகாமல் நொறுங்குகிற சத்தம் அது. வெயில் ஏறி மைனஸ் இரண்டு, மூன்றுக்கு வந்தால் அடங்கிவிடும். மிதிபட்டதும் துகள் கொஞ்சம் இளகி அமுங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து என் மனைவி செல்போனில் வெப்பநிலை பார்ப்பதை விட்டுவிட்டாள். வாசலில் நாலு அடி வைத்துப் பார்த்து, “இன்னைக்கு ரெண்டு சட்டை போதுங்க” என்பாள்.

எதிரே வருபவர்கள் “அல்லேக்ரா” என்பார்கள். எங்கடினின் வணக்கம். ரோமான்ஷ் மொழி. 1938-இல் வாக்கெடுப்பு நடத்தி இதை நாட்டின் நான்காவது தேசிய மொழியாக்கினார்கள். பேசுகிறவர்கள் சில பத்தாயிரம் பேர். காட்டுவழியில் ஒரு பாட்டிக்கு “அல்லேக்ரா” சொன்னபோது அவர் நின்று, திருப்பிச் சொல்லி, பையிலிருந்து ஒரு பிடி விதையை எடுத்து என் கையில் போட்டார். குருவிப் பாடம் அவர் நடத்தியதுதான். எண்பது இருக்கும் வயது. கையில் இரண்டு ஊன்றுகோல், பூட்ஸில் மாட்டிய இரும்புப் பல். தினம் வருவாராம்.

ராத்திரி வேலை

இரண்டு நாள் இந்த வழியில் நடந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பாதை ஏன் இவ்வளவு சமமாக இருக்கிறது? நேற்று நூற்றுக்கணக்கான பூட்ஸும் குதிரைக் குளம்பும் கிளறிய வழி, காலையில் வாரிவிட்ட தலைமுடி மாதிரி கோடு கோடாகக் கிடக்கிறதே?

பதில் மாலையில் கிடைத்தது. வெளிச்சம் போனதும் சங்கிலிச் சக்கரம் வைத்த ஒரு வண்டி, டிராக்டருக்கு அண்ணன் மாதிரி, நெற்றியில் விளக்குகளோடு காட்டுக்குள் நுழைந்தது. அந்த ஊரில் அதை ராட்ராக் என்கிறார்கள். முன்னால் மண்வெட்டி போன்ற தகடு மேட்டைச் சீவும். பின்னால் உருளும் பகுதி பனியை உடைத்து அமுக்கிச் சீப்புக் கோடு போடும். ராத்திரி அப்படியே விட்டால் குளிரில் இறுகிவிடும். காலையில் நடக்கத் தரை தயார். சறுக்குச் சரிவுகளைத் தயார் செய்கிற அதே வேலைதான். அதற்கு டிக்கெட் வாங்க வேண்டும், இதற்கு வேண்டாம்.

கோடையில் பாதை என்பது தரையில் எப்போதும் இருக்கிற ஒன்று. குளிர்காலத்தில் அது தினசரி போடப்படுவது, கோலம் மாதிரி. இந்த வித்தியாசம் தெரியாமல் கோடை வரைபடத்தை நம்பி இளஞ்சிவப்புப் பலகையை விட்டு விலகுகிறவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: பக்கத்திலேயே இணையாக இரண்டு பள்ளக் கோடுகள் ஓடும். அது சமதரையில் சறுக்கிப் போகிறவர்களின் தடம். அதில் கால் வைத்தால் தடம் கெடும், எல்லாரும் முறைப்பார்கள். நான் முதல் நாளே முறைப்பு வாங்கினேன்.

பாதையைப் போடுகிறவர் ஒருவர் என்றால், அதைத் திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது இன்னொரு கூட்டம், பனிச்சரிவு அறிக்கையை வைத்துக்கொண்டு. டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோஹ் என்ற முகட்டில் 1936-இலிருந்து பனியை ஆராய்கிறார்கள். இன்று டாவோஸில் இருக்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலம் முழுக்க மாலை ஐந்து மணிக்கு ஓர் அறிக்கை, காலை எட்டு மணிக்கு இன்னொன்று வெளியிடுகிறது. தானியங்கிக் கருவிகள் போதாதென்று, மலைக் கிராமங்களில் விடியற்காலையில் எழுந்து பனியில் அளவுகோலைச் செருகிப் பார்த்துச் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். ஆபத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணால் சொல்லப்படும். ஐரோப்பா முழுக்க அதே ஐந்து படி.

இவ்வளவு ஜாக்கிரதைக்குக் காரணம் இருக்கிறது. 1999 பிப்ரவரி 23 அன்று, எங்கடினுக்கு வடக்கே மலைக்கு அந்தப் பக்கம், ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தின் நடுவே பனிச்சரிவு இறங்கியது. பாதுகாப்பான பகுதி என்று குறிக்கப்பட்ட வீடுகள் வரை வந்தது. அந்த ஊரில் மட்டும் 31 பேர் இறந்தார்கள். பலர் விடுமுறைக்கு வந்தவர்கள். சாலை அடைபட்டதால் ஊருக்குள் சிக்கியிருந்தவர்கள்.

எங்கள் நான்காம் நாள், ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது. காலையில் ரோசெக் வழியின் வாசலில் குறுக்கே கயிறு, அதில் பலகை: அடைப்பு. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. “இவ்வளவு நல்ல நாள்ல போய் மூடிட்டாங்களே” என்று நான் முனகினேன். கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஆள் மேலே கையைக் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. நிமிர்ந்து பார்த்தால், சரிவு முழுக்கப் புதுப்பனி, ஒரு சுருக்கம் கூட இல்லாமல், யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. திரும்பிவிட்டோம்.

அடைப்பு நாளில் ஓவியம்

அந்த நாள் செயின்ட் மோரிட்ஸில் செகந்தினி அருங்காட்சியகத்துக்குப் போனது. 1908-இல் கட்டியது, ஜோவன்னி செகந்தினி என்ற ஒரே ஓவியருக்காக. மனிதர் மலையிலேயே வாழ்ந்து, மலையையே வரைந்து, போன்ட்ரெசினாவுக்கு மேலே ஒரு மலைக்குடிசையில் வரைந்துகொண்டிருக்கும்போதே வயிற்று நோய் முற்றி 1899 செப்டம்பரில் இறந்தார். வயது 41. அப்போது அவர் கையில் இருந்தது வாழ்வு, இயற்கை, மரணம் என்ற மூன்று பெரிய ஓவியங்கள். மேல் மாடியில் மூன்றும் அரைவட்டமாக நிற்கின்றன.

மூன்றாவதுதான் குளிர்காலம். ஒரு வீட்டிலிருந்து உடலை வெளியே தூக்கி வருகிறார்கள், பெண்கள் நிற்கிறார்கள், பனியில் குதிரை வண்டி காத்திருக்கிறது, மேலே ஒரு பெரிய மேகம். கிட்டே போய்ப் பார்த்தால் வெள்ளை என்று ஒரு நிறமே அதில் இல்லை. நீலம், ஊதா, மஞ்சள், கொஞ்சம் ரோஸ் எல்லாம் நூல் நூலாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. தள்ளி நின்றால் பனி. வெளியே வந்து ஏரிப் பக்கம் பார்த்தேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. நிழல் விழுந்த பனி நீலம், வெயில் பட்டது மஞ்சள். நாலு நாளாக வெள்ளை வெள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

மேலே போனால் வெதுவெதுப்பு

மறுநாள் முயோட்டாஸ் முரால் என்ற மலைமேடு. கம்பியால் இழுக்கும் ரயில் (பழனியில் நாம் விஞ்ச் என்கிறோமே, அதே ஜாதி) 1907-இலிருந்து ஓடுகிறது. பத்தே நிமிடத்தில் எழுநூறு மீட்டர் உயரம் ஏறி 2,456 மீட்டரில் கொண்டுபோய் விடுகிறது. கீழே ஏறும்போது மூக்கு உறைகிற குளிர். மேலே இறங்கியதும் மேல்சட்டையின் பொத்தானைத் திறந்தேன். மேலே போகப் போகக் குளிரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே தலைகீழ். காற்றில்லாத ராத்திரியில் குளிர்ந்த கனமான காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிடுகிறது, கிணற்றில் தண்ணீர் மாதிரி. காலையில் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். மேலே வெயில் வேறு. பாட்ருட் கட்டிய பந்தயத்தின் சூட்சுமமும் அதுதான்.

அந்த வெயிலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும். வெயில் மேலிருந்து மட்டுமல்ல, கீழிருந்தும் வருகிறது. நெற்றிக்கும் கன்னத்துக்கும் களிம்பு தடவிய நான் முகவாய்க்கு அடியில் தடவவில்லை. இரண்டு நாள் சவரம் செய்ய முடியவில்லை.

உச்சியில் ஏழு கிலோமீட்டர் சுற்றுப் பாதை. பெயர் தத்துவவாதிகள் வழி. அங்கங்கே பலகைகளில் அறிஞர்களின் வாசகங்கள். எனக்கு மலைமேல் வாசகம் படிப்பதில் நாட்டமில்லை. கீழே உறைந்து கிடக்கும் ஏரிகளின் வரிசை தெரியும்போது பலகையை யார் பார்ப்பார்கள்? ஏரிகளுக்கு அந்தக் கோடியில் சில்ஸ் மரியா. தத்துவஞானி நீட்சே 1881-இலும், பிறகு 1883 முதல் 1888 வரையிலும் தங்கிய ஊர். உயரத்தையும் குளிர்ந்த காற்றையும் அவ்வளவு பேசியவர் வந்ததெல்லாம் கோடையில். குளிர் தொடங்கியதும் நீஸ், ஜெனோவா என்று கடற்கரைக்கு இறங்கிவிடுவார். இந்தப் பனியை அவர் நடந்து பார்க்கவில்லை. அந்த விதத்தில் அந்தப் பாட்டி அவரைவிட ஒரு படி மேல்.

போகிறவர்களுக்கு

சூரிச்சிலிருந்து கூர் நகரம் வழியாக ரயிலில் சுமார் மூன்றேகால் மணி நேரத்தில் எங்கடின். கூருக்கு அப்புறம் சிவப்பு நிறக் குறுகிய பாதை ரயில். 65 மீட்டர் உயர லாண்ட்வாஸர் பாலத்தை வளைந்து கடந்து நேரே குகைக்குள் நுழையும். பெர்க்யூன், பிரேடா ஊர்களுக்கு நடுவே நானூறு மீட்டருக்கு மேல் ஏற, மலைக்குள்ளேயே சுருள் சுருளாகச் சுற்றும். 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பாதை. தனிச் சுற்றுலா ரயிலெல்லாம் வேண்டாம். சாதாரண ரயிலும் அதே தண்டவாளத்தில்தான் போகிறது.

பருத்தி பனியனைப் பெட்டியில் வைக்காதீர்கள். வேர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பிலேயே குளிரும். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது தெர்மல், நடுவில் ஒரு ஸ்வெட்டர், மேலே காற்று புகாத ஜாக்கெட். பூட்ஸில் மாட்டும் இரும்புப் பல் அவசியம்; அது இல்லாமல் ஊருக்குள் நடைபாதையில்தான் நான் விழுந்தேன், காட்டில் அல்ல. காப்பீட்டில் மலை மீட்பும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹெலிகாப்டர் மீட்புக்கு அங்கே கூப்பிடும் எண் 1414. பிப்ரவரியில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஜனவரி நடுவில் அமைதி, மார்ச்சில் நீளமான பகல்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பார்லி சூப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், பெரும்பாலும் உலர்ந்த இறைச்சித் துண்டு கிடக்கும். பிட்சொக்கேரி கேளுங்கள்: பக்வீட் என்ற தானிய மாவில் செய்த கறுத்த நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, கோஸ், சீஸ். முடிவில் வால்நட் திணித்த எங்கடின் கேக். விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் தொண்டையில் இறங்காது. மதியத்துக்கு சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் சீஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். பாதி சுவிஸ்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

எங்கடின்தான் என்றில்லை. அரோசாவில் அணில்கள் கையில் வந்து கொட்டை எடுக்கும் பாதை இருக்கிறது. வாலே மாநிலத்தில் கார் நுழையாத ரீடரால்ப், பெட்மரால்ப் ஊர்களுக்கு மேலே ஏறினால் ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான ஆலெட்ஷைப் பார்க்கலாம். இத்தாலிப் பக்கம் ஸைஸர் ஆல்ம், 56 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். நடந்து அலுத்தவர்களுக்கு கிரிண்டல்வால்டில் வேறு ஏற்பாடு: 2,681 மீட்டர் ஃபௌல்ஹார்ன் உச்சிக்கு இரண்டரை மணி நேரம் மரப்பலகை வண்டியை இழுத்துக்கொண்டு நடந்து, பிறகு அதில் உட்கார்ந்து பதினைந்து கிலோமீட்டர் கீழே சறுக்கலாம். முழங்கால் சம்மதித்தால்.

கடைசி நாள் மொர்டெராட்ஷ் பனியாற்றுக்குப் போனோம். பெர்னினா ரயிலில் போன்ட்ரெசினாவிலிருந்து ஒரு சின்ன நிலையம். ரயில் வந்த காலத்தில் பனியாறு அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது. 1878-இலிருந்து அளந்துவருகிறார்கள், இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியாயிற்று. எந்த வருஷம் பனி எதுவரை இருந்தது என்று வழியில் பலகை நட்டிருக்கிறார்கள். ஆண்டுகளுக்குள் நடக்கிற வழி அது. நான் பிறந்த காலத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தோம். பனி அங்கிருந்து கண்ணுக்கே தெரியவில்லை. பலகைகளுக்கு நடுவே இடைவெளி கடைசியில் கூடிக்கொண்டே போனது. 2022, 2023 இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கொள்ளளவில் பத்து சதவீதத்தை இழந்திருக்கின்றன. பாதை முடிகிற இடத்தில், இதற்கு மேல் போகாதீர்கள் என்ற அறிவிப்பு. அப்பால் சாம்பல் நிறத்தில், கல்லும் பனியுமாக, ஒரு நெற்றி தெரிந்தது.

நாலு மணிக்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. நிலையத்துக்குத் திரும்பும்போது பூட்ஸ் மறுபடி கத்தத் தொடங்கியிருந்தது. மேடையில் எங்களோடு இன்னும் ஓர் அம்மாள் மட்டும். தூரத்தில் வளைவில் ரயிலின் மூன்று விளக்குகள் தெரிந்தன. கையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் சுவரைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. “ஏங்க, பட்டனை அமுக்கினீங்களா? அமுக்கினாத்தான் இங்க வண்டி நிக்குமாம்.”

கையுறையைக் கழற்றிக்கொண்டு ஓடினேன்.